கத்திவிட்டதாக நம்பிய கருவி

"ரெண்டு பேருக்கும் ஒரே சுவிட்ச். ஒருத்தர் அணைச்சுட்டுப் போயிட்டா இன்னொருத்தர் கதி?" என்று அவன் கேட்டான்.

"ரெண்டு பேரும் எப்பவும் சேர்ந்தேதானே இருக்கப்போறாங்க. யார் அணைக்கப்போறா?" என்றாள் அவள்.

"அப்ப நான் போட்ட எண்ணிக்கை இருக்கட்டுமா, எடுக்கட்டுமா, மேடம்?"

"உன் இஷ்டம்."

கேட்பவர்களுக்கு ஏதோ புருஷன் பெண்டாட்டி விவகாரம் போலத் தோன்றும். பேசியவர்கள் புருஷன் பெண்டாட்டிதான், விவகாரம்தான் வேறு. ஆறு வருடங்களுக்கு முன்பு, மருத்துவமனைக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியின் மூன்றாம் மாடியில், ஒரு சிப்பைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது அது. நேற்று மாலையிலிருந்து அந்தப் பேச்சு அவளுக்குள் பதினைந்து தடவையாவது ஓடியிருக்கும். ஓடும் ஒவ்வொரு தடவையும் அந்த "உன் இஷ்டம்" முன்னைவிடக் கொஞ்சம் கனிவாகக் கேட்டது.

"அண்ணி, உங்க முகம் படிக்காம பரீட்சைக்கு வந்த பிள்ளை முகம் மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனார்.

அவளை எல்லோரும் அண்ணி என்றே அழைத்தார்கள். நாத்தனார் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, வழக்குக் கொண்டுவருபவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. இயந்திரம் கெட்டு யாருக்காவது தீங்கு நேர்ந்தால், கெட்டது இயந்திரமா மனிதரா என்று துப்பறிந்து சொல்வது அவள் தொழில். நாத்தனார் அவளுக்கு உதவியாள். குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள். பொய்யைத் தொலைபேசியிலேயே மோப்பம் பிடிப்பாள். அண்ணன் மூன்று வருடங்களுக்கு முன்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கும் ஊருக்குப் போய்விட்டான். தங்கை மட்டும் அண்ணியை விட்டுப் போகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், அண்ணன் வீட்டில் காபி சரியில்லை என்பாள்.

இருவரும் உட்கார்ந்திருந்தது ஒரு மருத்துவமனையின் நான்காம் வார்டுக்கு வெளியே. வழக்கு இதுதான். ஆறாம் கட்டிலில் இருந்த, ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவருக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு பிற்பகல் மூன்று பன்னிரண்டுக்கு மூச்சு தடைப்பட்டது. கட்டிலருகே இருந்த கருவி அலறியிருக்க வேண்டும். செவிலி இரண்டாம் கட்டிலில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் வந்து பார்த்தபோது நான்கு நிமிடம் ஓடிவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார்; ஆனால் இடது கை இன்னும் எழவில்லை. அலாரம் அடிக்கவேயில்லை என்றாள் செவிலி. கருவியின் நினைவகமோ, "3:12, அலாரம் ஒலித்தது" என்றது. மனுஷி சொல்வதை நம்புவதா, இயந்திரம் சொல்வதை நம்புவதா? மருத்துவமனை இயந்திரத்தை நம்பியது. நாளை காலை பதினோரு மணிக்கு விசாரணை. தீர்ப்பு பாதகமானால் வேலையோடு அவளுடைய உரிமமும் போகும். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். நேற்று மாலை அண்ணிக்குப் போன் செய்து உதவி கேட்டதும் அவள்தான்.

செவிலி அவர்களைப் படுக்கை விரிப்புகள் அடுக்கிய சிறிய அறைக்கு அழைத்துப் போனாள். முப்பது வயது இருக்கும். பேசும்போது கைகள் தாமாகவே விரிப்புகளை மடித்து மடித்து வைத்தன. அண்ணி கேட்டவற்றுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கருவியை அவள் தொடவில்லை, ஒலியைக் குறைக்கவில்லை, ஒன்றுமே செய்யவில்லை.

நாத்தனார் தொண்டையைக் கனைத்தாள். "சிஸ்டர், பதினோரு வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. 'ஒண்ணுமே செய்யல, ஃபிரிட்ஜ் தானா நின்னுடுச்சு'ன்னு சொல்ற வீட்டுல, கத்தியால ஐஸைப் பேத்த ஆள் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். நீங்க என்ன பேத்தீங்க?"

செவிலியின் கைகள் நின்றன. திரையை அணைத்ததாகச் சொன்னாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, அவரால் தூங்க முடியவில்லை என்று நோயாளியின் மனைவி கேட்டுக்கொண்டாள். கருவியின் ஓரத்தில் கண் சின்னம் போட்ட பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் திரை மட்டும் அணையும், மற்றதெல்லாம் வேலை செய்யும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

தப்பில்லாத காரியத்தை ஏன் மறைத்தாய் என்று அண்ணி கேட்டாள்.

"யார் கேட்டு அணைச்சேன்னு அடுத்து கேப்பாங்க இல்லையா? அந்த அம்மா தினமும் வந்து, அவர் இடது கையை மடியில வச்சு, விரல் விரலா நீவிக்கிட்டு உக்காந்திருக்காங்க. தான் வாய் திறந்ததாலதான் இப்படி ஆச்சோன்னு அவங்களுக்குத் தோணிட்டா, அப்புறம் எப்படித் தூங்குவாங்க? எனக்கு வேலை போனா வேற வேலை..." செவிலி முடிக்கவில்லை. வேறு வேலை கிடைக்காது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணி நோட்டில் எழுதிக்கொண்டேதான் இருந்தாள். வெளியே வந்தபின் பார்த்தால், 'ஆறாம் கட்டில்' என்று மூன்று தடவை எழுதியிருந்தாள். வேறொன்றும் எழுதவில்லை.

திரை அணைந்திருந்தது. அந்த இரண்டு சொல் போதும். ஆனால் துப்பறிபவள் யூகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. ஏதாவது கம்பி தளர்ந்திருக்கலாம், ஒலிபெருக்கி தேய்ந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியனைத் தேடி அடித்தளத்துக்கு இறங்கினாள்.

டெக்னீஷியன் ஒழுங்கான மனிதர். தினமும் காலை ஏழு மணிக்கு முப்பத்தெட்டுக் கருவிகளையும் சோதிப்பாராம். ஒரு நாள் விடுபட்டதில்லை. அச்சிட்ட தாள்களைக் கத்தையாக எடுத்து நீட்டினார். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கட்டம்: அலாரம் ஒலித்ததா என்று ஒரு டிக், அப்போது திரையில் தெரிந்த எண் எது என்று ஒரு குறிப்பு. ஆறாம் கட்டிலின் கருவி, சம்பவம் நடந்த அன்று காலைகூட முழு மதிப்பெண் வாங்கியிருந்தது.

நாத்தனார் தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு யோசித்தாள். "சார், திரையில தெரியற எண்ணை எழுதணும்னா திரை எரியணும் இல்லையா?"

ஆமாம் என்றார் அவர். திரை அணைந்திருந்தால் எப்படிச் சோதிப்பது, ஒன்றுமே தெரியாதே. முதல் வேலையாக அதை எரியவைத்துவிட்டுத்தான் சோதனையே தொடங்குவாராம். அதுதான் முறை. எல்லா மருத்துவமனையிலும் அதுதான் முறை.

"அதாவது, தூங்கறவனை எழுப்பி உக்காத்தி வச்சு, 'நீ தூங்கும்போது குறட்டை விடறியா'ன்னு தினமும் காலைல ஏழு மணிக்குக் கேக்கறீங்க. அவனும் இல்லைங்கறான். நீங்களும் டிக் போடறீங்க."

டெக்னீஷியன் அந்தத் தாளை வாங்கி, அன்றுதான் முதன்முதலில் பார்ப்பவர் போலப் பார்த்தார். கண் பட்டன் எப்போதிலிருந்து இருக்கிறது என்று அண்ணி விசாரித்தாள். போன வருடம்தான் கம்பெனி சேர்த்தது, அதற்கு முன்பு திரை எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும் என்றார் அவர்.

படியேறும்போது நாத்தனார் விளக்கம் கேட்டாள். வேறு வழியில்லாமல் அண்ணி சொன்னாள். சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதியும் இயங்க ஒரு துடிப்பு வேண்டும். அதற்குக் கிளாக் என்று பெயர். துடிப்பு நின்றால் அந்தப் பகுதி நின்றுவிடும். இந்தச் சிப்பில் திரைக்கு ஒரு கிளாக், ஒலிபெருக்கிக்கு ஒரு கிளாக். ஆனால் சிக்கனம் பார்த்துச் சிப்பைச் செய்தவர்கள், இரண்டையும் திறந்து மூட சுவிட்ச் மாதிரி ஒரே ஒரு பிட்டைத்தான் வைத்தார்கள். ஒன்று எழுதினால் இரண்டும் ஓடும். பூஜ்யம் எழுதினால் இரண்டும் நிற்கும். திரையை நடத்த ஒரு டிரைவர் நிரல், ஒலியை நடத்த இன்னொரு டிரைவர் நிரல். பிட் தனக்கு மட்டுமே சொந்தம் என்று இரண்டுமே நினைத்துக்கொண்டிருந்தால்...

"புரிஞ்சுடுச்சு. ரெண்டு வீட்டுக்கு ஒரே தண்ணி வால்வு. மேல்வீட்டுக்காரி குளிச்சு முடிச்சுட்டு, பொறுப்பா வால்வை மூடிட்டுப் போறா. கீழ்வீட்டுக்காரன் தலையெல்லாம் சோப்போட நிக்கறான்."

"ஆமா."

"அதுக்கு மருந்து?"

"உள்ளே எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு எண்ணிக்கை வைக்கணும். ஒருத்தர் வந்தா ஒண்ணு கூட்டணும், போனா ஒண்ணு குறைக்கணும். கடைசி ஆளும் போனப்புறம்தான் வால்வை மூடணும்."

"இவ்வளவுதானா? இதை ஒரு வாட்ச்மேன் செய்வாரே. அப்ப அந்தக் கருவி, அலாரம் அடிச்சதுன்னு எழுதி வச்சது பொய்யா?"

"பொய் இல்ல. ஒலி டிரைவர் தான் திறந்துவச்ச வால்வு திறந்தே இருக்குன்னு நினைச்சுது. கத்தச் சொல்லி உத்தரவு கொடுத்துது, கத்தினதா எழுதி வச்சுது. அது கத்திட்டதா நம்பிடுச்சு."

நான்காம் வார்டில் ஒன்பதாம் கட்டில் காலியாக இருந்தது. நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து, கருவியின் கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். கதவருகே செவிலி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி கண் பட்டனை அமுக்கினாள். திரை கறுத்தது. இப்போது கிளிப்பைக் கழற்றினால் கருவி கத்த வேண்டும். கத்தாவிட்டால் செவிலி தப்பித்தாள்.

அந்த ஒரு கணத்தில் அண்ணி என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கருவி கத்தியது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.

அண்ணியின் நெஞ்சிலிருந்து கல் ஒன்று இறங்கியது. அந்த நிம்மதிக்காக அவள் பிறகு வெட்கப்பட்டாள். பிறகு என்றால் ஐந்து நிமிடம் கழித்து. கதவருகே இருந்த முகம் வாடி உள்ளே போய்விட்டது. இன்னும் இரண்டு கருவிகளில் பார்த்தார்கள், இரண்டும் கத்தின. அந்த ஒரு கருவியில் மட்டும் கம்பி தளர்ந்திருக்கும் போலிருக்கிறது, அதை நிரூபிப்பது கடினம் என்று அண்ணி சொல்லத் தொடங்கினாள். குரல் அவளுக்கே கொஞ்சம் அவசரமாகப் பட்டது.

நாத்தனார் அதற்குள் கருவியின் முதுகுப் பக்கம் தலையை நுழைத்திருந்தாள். "அண்ணி, பதினோரு வருஷம் நான் போன்லயே வீடு வீடா கேட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. 'ரிப்பேர்காரன் கடைசியா எப்ப வந்தான்?' இங்க வந்து பாருங்க."

பச்சை நிறத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது என்று எழுதி, கீழே தேதி. சம்பவம் நடந்து ஐந்தாம் நாள். பத்தாம் கட்டில், பதினொன்று, பன்னிரண்டு, எல்லாவற்றின் முதுகிலும் அதே பச்சை, அதே தேதி. டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டதில், கம்பெனியிலிருந்து இருவர் வந்ததாகவும், வழக்கமான வேலைதான் என்று சொல்லி அரை நாளில் முப்பத்தேழையும் முடித்ததாகவும், ஆறாம் கட்டில் கருவியைப் பழுதுபார்க்க எடுத்துப்போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை என்றும் சொன்னார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களைப் பார்த்திருக்கேன்" என்றாள் நாத்தனார். "இவங்க மறைச்சு, தின்னு, தட்டையும் கழுவி வச்சுட்டாங்க."

யாரோ அந்த எண்ணிக்கையைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் முன்பு அது இல்லை. இல்லை என்பதற்கு இந்தக் கட்டடத்தில் இனி ஒரு சாட்சியும் கிடையாது. பட்டனை அமுக்கச் சொன்னவள் மேல் விழாதபடி அமுக்கியவள் அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருக்க, அதற்கு உரியவள் கையில் நோட்டோடு நடுவில் நின்றாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நாத்தனார் பெல்ட்டை மாட்டாமல் திரும்பி உட்கார்ந்தாள்.

"அது நீங்க ரெண்டு பேரும் வேலை பார்த்த கம்பெனி. கருவி மேல இருந்த சின்னத்தைக் காலைலயே பார்த்துட்டேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

அண்ணி நோட்டைப் பின் சீட்டில் போட்டாள்.

"ஒலி டிரைவர் எழுதினது யாரு?"

"உன் அண்ணன்."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக நாத்தனாரிடம் கைவசம் வேடிக்கை எதுவும் இல்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அப்ப நாளைக்கு அண்ணன் பேரு வருமா?"

ஆமாம் என்று தலையசைத்திருக்கலாம். அதில் பொய்கூட இல்லை. கோப்பின் தலைப்பில் அவன் பெயர்தான் இருக்கிறது. அங்கே இல்லாத மனிதன் மேல் பழி எவ்வளவு லேசாக உட்காரும் என்று அண்ணிக்குத் தெரியும். ஆனால் துணியறையில் விரிப்பு மடித்த அந்தக் கைகள் கண்ணுக்குள் நின்றன. முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் தூக்கத்துக்காகத் தன் சோற்றையே விடத் துணிந்த கைகள்.

"எழுதினது உன் அண்ணன். கெடுத்தது நான்."

இந்தக் கதையின் தொடக்கத்தில் வந்த உரையாடலை அவள் நினைவில் இருந்தபடியே சொல்லிவிட்டோம், நடந்தது அப்படியல்ல. அவன் எண்ணிக்கையைப் போட்டிருந்தான். ஏழே வரி. வெள்ளிக்கிழமை சரக்கு போக வேண்டும், அவள் அந்தக் குழுவின் தலைவி. நிரலைச் சரிபார்க்கும் பக்கத்தில், "தேவையில்லாத சுமை. எடுத்துவிடு. இல்லாவிட்டால் நானே எடுக்கிறேன்" என்று எழுதினாள். என்றாவது ஒருநாள் யாராவது திரையை அணைப்பார்கள் என்று அவன் அதன் கீழேயே இரண்டு வரி மன்றாடினான். அவள் பதில் எழுதாமல் தானே எடுத்தாள். "உன் இஷ்டம்" என்றது அவள் அல்ல, அவன். அதற்கும் மூன்று வருடம் கழித்து, வேறு ஏதோ அற்பச் சண்டையில் போவதானால் போ என்று அவள் சொன்னபோதும், அவன் அதையே சொல்லிவிட்டுத்தான் போனான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாத்தனார் முன்கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவர் பிடிவாதக்காரர், நீங்க பாவம்னு இத்தனை நாள் எங்க வீட்டுல அத்தனை பேர்கிட்டயும் உங்களுக்காகச் சண்டை போட்டேன்" என்றாள். "உங்களைத் திட்ட எனக்கு முழுசா ரெண்டு நாள் லீவு வேணும் அண்ணி. அது அப்புறம். இப்ப அந்தப் பொண்ணுக்கு என்ன வழி?"

அந்தச் சரிபார்ப்புப் பக்கம்தான் வழி. கம்பெனிக்கு ஆறு வருடம் முன்பே தெரியும் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. வெறும் வாய்ச்சொல்லாகச் சொன்னால், வேலையை விட்டுப் போனவளின் வன்மம் என்று கம்பெனி தள்ளிவிடும். அன்று அவன் அதை அச்சிட்டு, தேதி போட்டு, இருவர் பெயரும் தெரியும்படி எடுத்துவைத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"அண்ணன் பல் டாக்டர் சீட்டையே ஓட்டை போட்டுக் கோத்து வைக்கறவர். கண்டிப்பா இருக்கும்" என்றாள் நாத்தனார். பிறகு மெல்ல, "அது வெளியே வந்தா நம்மகிட்ட யாரும் வழக்கு கொண்டுவர மாட்டாங்க" என்றாள்.

"வர மாட்டாங்க."

தினமும் மாலையில் காரில் போகும்போது நாத்தனார் அண்ணனுக்குப் போன் செய்வாள், ஒலிபெருக்கியில் போட்டு. அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டுவாள். அவள் அருகில் இருப்பது அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும் நேரம் பார்த்து ஒரு வாக்கியம் அவள் தொண்டை வரை வரும். சிக்னல் விழும், யாராவது ஹாரன் அடிப்பார்கள், அது திரும்பிப் போய்விடும். மூன்று வருடமாக இப்படி.

இன்று நாத்தனார் எண்ணை எடுத்து, அழைக்காமல் போனை அண்ணி மடியில் வைத்தாள். "இந்தத் தடவை நடுவுல நான் இல்ல. அந்த சிஸ்டர் காலைலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டா. கூட்டிட்டுப் போய் ஏதாவது வாங்கித் தரேன்." கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "சொல்லும்மா" என்றான், தங்கை என்று நினைத்து. பதில் வரவில்லை. "நீயா" என்றான்.

அவள் சொன்னாள். பட்டன், டிக் போட்ட தாள்கள், பச்சை ஸ்டிக்கர், நாளை பதினோரு மணி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சொல் ஒன்றும் இடையில் நுழையாதபடி பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அவன் முதலில் கேட்டது நோயாளியைப் பற்றி. இடது கை என்றதும் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அடுத்து அந்தச் செவிலிக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டான்.

பக்கம் தன்னிடம் இருக்கிறது என்றான். ஸ்கேன் செய்து ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுவானாம்.

"என் பேரையும் சொல்லு. நீ எடுத்தப்ப மேலிடத்துல போய்ச் சொல்லியிருக்கலாம். கோபத்துல ஒரு தாளை அச்சடிச்சு வச்சுட்டு சும்மா இருந்தவன் நான். இத்தனை வருஷம் நான் சொன்னதுதான் சரின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே தவிர, ஒருத்தரையும் எச்சரிக்கல."

அனுப்பினால் போதும். விசாரணைக்கு அதுவே போதும். அச்சிட்ட அசல் தாள்தான் வேண்டும், நகலைக் கம்பெனி ஏற்காது என்று ஒரு காரணம் சொல்லலாம். அதில் பாதி உண்மைகூட உண்டு. ஆனால் பாதி உண்மைகள் அவளுக்கு இன்று போதும் போதும் என்றாகிவிட்டது.

"அனுப்பாத" என்றாள்.

அவன் வைத்துவிடவில்லை, மூச்சு கேட்டது.

"எடுத்துக்கிட்டு நீயே வா. ராத்திரி ரயில் பிடிச்சா காலைல ஒன்பது மணிக்கு வந்துடலாம். நான் ஸ்டேஷனுக்கு வரேன்." சிக்னல் இல்லை, ஹாரன் இல்லை, கார் நின்ற இடத்திலேயே நின்றது. "வந்தா, திரும்பிப் போகாத."